வரிசை எண் எழுபத்தொன்று

அந்தப் பேப்பரைக் கொஞ்சம் மடிச்சு வைங்க தம்பி, காத்துல என் மூஞ்சியிலேயே வந்து அடிக்குது. என்ன போட்டிருக்கான்? சட்டசபையில அமளியா? அமைச்சர் பதில், எதிர்க்கட்சி வெளிநடப்பு. ம்ம். அமைச்சர் பதிலாம்! அமைச்சர் எங்க தம்பி பதில் சொல்றாரு? அவரு படிக்கிறாரு. எழுதுறவன் வேற ஒருத்தன், நாலாவது மாடியில, ஃபேன் கூட ஒழுங்கா சுத்தாத ரூம்ல உக்காந்திருப்பான். அப்படி முப்பத்திமூணு வருஷம் உக்காந்தவன் நான்.

தணிகைவேல்னு பேரு. ரிட்டையர் ஆகும்போது துணைச் செயலாளர். எந்தத் துறைன்னு கேக்காதீங்க, ரோடு பாலம் போடுற துறைன்னு வச்சுக்குங்க. திருவண்ணாமலை போக இன்னும் மூணு மணி நேரம் இருக்கு, நீங்களும் தூங்குற ஆள் மாதிரி தெரியல. அதனால சொல்றேன். வேற யாருகிட்டயும் சொல்றதில்ல. வீட்ல ஆரம்பிச்சாலே என் சம்சாரம் எந்திரிச்சு உள்ள போயிடுவா.

அரசாங்கம்னா யாருன்னு நினைக்கிறீங்க? எம்.எல்.ஏ.வா? அட போங்க தம்பி. அவங்க அஞ்சு வருஷம் வந்து போறவங்க. ஃபைல் எங்ககிட்ட இருக்கு, சீல் எங்ககிட்ட இருக்கு, எந்த ஊர்ல எத்தனை கிலோமீட்டர் ரோடு இருக்குன்னு எங்களுக்குத்தான் தெரியும். அவங்க என்ன பண்ணுவாங்க? கேள்வி கேப்பாங்க. சட்டம் அவங்களுக்குக் குடுத்தது அந்த வாய் ஒண்ணுதான். அந்த வாய்க்குத் தீனி போடறதுதான் எங்க வேலை. போட்டுட்டு நம்ம வேலையைப் பாக்கணும். நாப்பது வருஷம் முன்னாடி என்னை வேலைக்குப் பழக்கின சூப்பரின்டெண்ட் இதைத்தான் சொன்னாரு: ‘எம்.எல்.ஏ. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு, அவன் தெரிஞ்சுக்க நினைச்சதுக்குச் சொல்லாத.’

கேள்விக்குப் பதில் எழுதறது சாதாரணமா வராது தம்பி. ‘பாலம் கட்ட அரசு முன்வருமா’ன்னு கேட்டா, முன்வரும்னும் எழுதக் கூடாது, வராதுன்னும் எழுதக் கூடாது. ‘நிதிநிலைக்கேற்ப முன்னுரிமை அடிப்படையில் பரிசீலிக்கப்படும்.’ இதுல எங்கயாவது உங்களால கையை வைக்க முடியுமா? முடியாது. வழுவழுன்னு இருக்கும். ‘எப்போது’ன்னு அடுத்த கேள்வி வரும். அதுக்கு, ‘இவ்வினா எழவில்லை.’ முடிஞ்சு போச்சு. அமைச்சர் படிச்சுட்டு உக்காருவாரு, சபாநாயகர் அடுத்த கேள்வின்னுவாரு. நான் எழுதின பதில்ல ஒரு துணைக் கேள்விக்கு மேல எவனும் கேட்டதில்ல. செயலாளரே சொல்லுவாரு, ‘தணிகைவேல் எழுதினா கதவைச் சாத்தி தாழ்ப்பாள் போட்ட மாதிரிய்யா’ன்னு.

அப்படி இருந்த என்னைத்தான் அந்தம்மா கொண்டு போய் ஓடையில நிறுத்துச்சு.

பச்சையம்மாள்னு பேரு. மலைத் தொகுதி. சபையில அவங்க கட்சிக்கு மொத்தமே ரெண்டு பேரு. அந்தம்மாவுக்குக் கடைசி வரிசையில, தூணுக்குப் பக்கத்துல சீட்டு. நூல் சேலை, ஒரு மஞ்சப்பை. எட்டாவதோ ஒன்பதாவதோ படிச்சதுன்னு சொன்னாங்க. நான் பெருசா எடுத்துக்கல. ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரே கேள்விதான் குடுக்கும். மேலூத்துக்காடுங்கிற ஊருக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நடுவுல ஓடை இருக்கு, அதுக்குப் பாலம் கட்ட அரசு முன்வருமா? நானும் ஒரே பதில்தான் எழுதுவேன். மூணு வருஷமா அந்தம்மா கேக்குது, நான் எழுதுறேன். நேர்ல பேசினதே இல்ல, ஆனா எனக்கு அந்தம்மா மேல ஒரு எரிச்சல். ஒருதரம் சொன்னா புரிய வேணாமா?

இப்ப நூறு பாலம் விஷயத்துக்கு வரேன். அதைச் சொன்னாத்தான் மத்தது விளங்கும்.

ஒவ்வொரு வருஷமும் மானியக் கோரிக்கை அன்னைக்குக் கொள்கை விளக்கக் குறிப்புன்னு ஒரு புத்தகம் சபையில வைப்போம். போன வருஷம் என்னென்ன பண்ணினோம்னு இருக்கும். முன்னாடி அமைச்சர் படம், நடுவுல அமைச்சர் சாதனை, பின்னாடி பின்னிணைப்பு, வெறும் அட்டவணை. அந்த வருஷம் அமைச்சருக்கு ஆசை, ‘ஒரே ஆண்டில் நூறு பாலங்கள்’னு பேசணும்னு. எண்ணிப் பாத்தா தொண்ணூத்தொம்பது! ஒண்ணு குறையுது. பிரஸ்ல மெஷின் நிக்குது, செயலாளர் ரூமுக்கு வெளிய நான் நிக்கிறேன். தொண்ணூத்தொம்பதுன்னு ஒரு அமைச்சர் எந்திரிச்சு நின்னு சொல்ல முடியுமா தம்பி? நீங்களே சொல்லுங்க. கேலிக்கூத்தாயிடும்.

சரி, எந்த ஊரைப் போடலாம்? பக்கத்து ஊரைப் போட்டா எவனாவது போய்ப் பாத்துடுவான். எனக்கு மனப்பாடமா வந்த ஊரு ஒண்ணுதான். மேலூத்துக்காடு. மூணு வருஷமா எழுதி எழுதிக் கை பழகிப் போச்சு. பஸ்ஸு போகாது, பேப்பர்க்காரன் போக மாட்டான். கடைசில போட்டா கண்ணுல படும்னு நடுவுல சொருகினேன். வரிசை எண் எழுபத்தொன்று. மேலூத்துக்காடு சிற்றோடைப் பாலம், பணி முடிவுற்றது. அவ்வளவுதான். யாருக்கும் ஒரு நஷ்டம் இல்ல. அமைச்சர் நூறுன்னாரு, மேஜையைத் தட்டினாங்க, சாயங்காலம் எங்களுக்கெல்லாம் காபி வாங்கிக் குடுத்தாரு.

நீங்க சொல்லுங்க, பின்னிணைப்பை எவனாவது படிப்பானா? நாங்களே படிக்க மாட்டோம். அடிச்சவன் படிக்கல, திருத்தினவன் படிக்கல. அந்தம்மா படிச்சிருக்கு! ஸ்கேலை வச்சு வரி வரியா, ஊர் ஊரா. எட்டாவது படிச்சவங்களுக்கு இதெல்லாம் தேவையா?

அடுத்த ஜனவரியில கேள்வி வந்துச்சு. என் செக்‌ஷன்ல ரெஜினான்னு ஒரு உதவிப் பிரிவு அலுவலர், கெட்டிக்காரப் பொண்ணு. அது பேப்பரை எடுத்துட்டு வந்து என் முன்னாடி வச்சுது. படிச்சேன். ‘(அ) கொள்கை விளக்கக் குறிப்பின் மூன்றாம் பின்னிணைப்பில் வரிசை எண் எழுபத்தொன்றில் கண்ட பாலம் கட்டி முடிக்கப்பட்டுள்ளதா? (ஆ) ஆம் எனில், அது மக்கள் பயன்பாட்டில் உள்ளதா?’

மாட்டிக்கிட்டேன் தம்பி. இல்லைன்னு எழுதினா? அமைச்சர் சபைக்குப் பொய் சொன்னாருன்னு ஆயிடும். உரிமை மீறல். அவரு பதவியே ஆடும். அவரு ஆடினா செயலாளர் ஆடுவாரு, செயலாளர் ஆடினா என்னைச் சும்மா விடுவாங்களா? அதுவும் எந்த நேரத்துல? துணைச் செயலாளர் பதவி உயர்வுப் பட்டியல், பேனல்னு சொல்லுவோம், அதுல என் பேரு மூணாவதா இருக்கு. இருபத்தாறு வருஷம் காத்திருந்து வந்த பேனல். வீட்ல தனி காருக்கு ஷெட்டு கூடப் போட்டாச்சு.

ரெஜினா மெதுவா சொல்லுச்சு, ‘சார், தவறுதலா அச்சாயிடுச்சுன்னு ஒரு திருத்தம் குடுத்துடலாமே?’ன்னு. திருத்தமா! இருபத்தாறு வருஷத்துல நான் திருத்தம் குடுத்ததில்ல. சபையில வச்ச புத்தகத்துக்கு மாறா பதில் எழுதக் கூடாதும்மா, அதுதான் முறைன்னேன். புத்தகத்துல பாலம் இருக்குல்ல? அப்ப பதில்லயும் இருக்கணும். பேனாவை எடுத்தேன். ‘(அ) ஆம். (ஆ) ஆம்.’ எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பிட்டேன்.

கேள்வி நேரத்துல நாங்க அதிகாரிங்க மாடத்துல உக்காந்திருப்போம். அமைச்சர் தடுமாறினா சின்னச் சீட்டுல எழுதி அனுப்பணும். அன்னைக்கு அமைச்சர் கணீர்னு படிச்சாரு. ஆம், ஆம். அந்தம்மா எந்திரிச்சுது. கத்தும், புத்தகத்தைத் தூக்கிக் காட்டும், வெளிநடப்பு பண்ணும்னு நினைச்சேன். அதுக்கும் ரெண்டு சீட்டு தயாரா எழுதி வச்சிருந்தேன். அந்தம்மா கையெடுத்துக் கும்பிட்டுச்சு தம்பி! ‘எங்க ஊருக்குப் பாலம் கட்டிக் குடுத்த அமைச்சர் அவர்களுக்கு நன்றி. பாலம் கட்டின நீங்க இன்னும் ஒருதரம் கூட வந்து பாக்கலையேன்னு எங்க ஜனங்களுக்கு மனக்குறை. வருவீங்களா?’

நான் சீட்டுல எழுதறேன், ‘பரிசீலிக்கப்படும் என்று சொல்லவும்’னு. பேனா மக்கர் பண்ணுது. அதுக்குள்ள நம்ம ஆளு மாருல ஒரு தட்டு தட்டி, ‘கட்டாயம் வருவேன் தாயே! நான் மட்டுமில்ல, இந்த அவையின் உறுதிமொழிக் குழுவையும் கூட்டிக்கிட்டு வருவேன்! இந்த அரசு சொன்னதைச் செய்யும் அரசு!’ன்னுட்டாரு. மேஜையைத் தட்டுறாங்க. அமைச்சரே தட்டுறாரு. சீட்டு என் கையில இருக்கு.

உறுதிமொழிக் குழுன்னா தெரியுமா? அமைச்சர் சபையில குடுத்த வாக்கைக் காப்பாத்தினாரான்னு பாக்குற எம்.எல்.ஏ.ங்க குழு. சாதாரணமா அதெல்லாம் ஆறு வருஷம், ஏழு வருஷம் கழிச்சுத்தான் பாப்பாங்க, அதுக்குள்ள எல்லாரும் ரிட்டையர் ஆயிடுவோம். ஆனா அந்தக் குழுவுல அந்தம்மாவே ஒரு உறுப்பினர். மார்ச் நாலாம் தேதின்னு நாளும் குறிச்சுட்டாங்க. முப்பத்தெட்டு நாள்.

செயலாளர் கூப்பிட்டாரு. வட நாட்டு ஆளு, நல்லாத் தமிழ் பேசுவாரு, ஆனா கோபம் வந்தா ரொம்பச் சின்னக் குரல்ல பேசுவாரு. ‘தணிகைவேல், நாலாம் தேதி அங்க பாலம் இருக்கணும். இல்லன்னா உங்களுக்கு பதினேழு பி.’ பதினேழு பின்னா குற்றச்சாட்டு மெமோ. அது இருக்கிற வரைக்கும் பேனலும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. ‘நீங்களே அங்க போய் இருங்க’ன்னாரு.

நான், தம்பி! நாற்காலியில உக்காந்து எழுதியே பழகினவன், மலையில செருப்பறுந்து நிக்கிறேன். அட்டை கடிக்குது. அந்தக் கோட்டப் பொறியாளர் ஆரோக்கியதாஸ், அவரு ஒரு மாதிரி மனுஷன், முதல் நாளே கையை விரிச்சுட்டாரு. ‘சார், காங்கிரீட் ஊத்தினா இருபத்தெட்டு நாள் தண்ணி காட்டணும். சட்டசபை கூடுதுன்னு சொன்னா அது சீக்கிரம் இறுகாது’ன்னாரு. என்ன திமிரு பாருங்க! அப்புறம் அவரேதான் வழியும் சொன்னாரு. வேற ஜில்லாவுல பழைய இரும்புப் பாலம் பிரிச்சுப் போட்ட கர்டர் கிடக்கு, கொண்டு வந்து ரெண்டு கரையிலயும் திண்டு கட்டி மேல உக்கார வச்சுடலாம், ஜீப்பு போகும்னு. ஆறு லாரியில வந்துச்சு. ஊர் ஜனம் மொத்தமும் வேலைக்கு வந்துச்சு. பொம்பளைங்க கல்லு தூக்குறாங்க, ஆம்பளைங்க மண்ணு வெட்டுறாங்க. கூலி வாங்கிக்கச் சொன்னா பாதிப் பேரு வாங்கல. என்ன ஆசையோ!

முப்பத்திரெண்டாவது நாள் பாலம் நின்னுடுச்சு. பாத்தா எனக்குப் பகீர்னுச்சு. புதுசா இருக்கு! பளபளன்னு இருக்கு! ஒரு வருஷம் முன்னாடியே கட்டினதா இல்ல புத்தகத்துல இருக்கு? உடனே ஆளை விட்டுச் சாணியும் மோரும் கரைச்சுத் திண்டு பூரா பூசச் சொன்னேன், பாசி பிடிக்கும்னு. கைப்பிடிக் கம்பிக்கு உப்புத் தண்ணி அடிச்சுத் துருவேத்தினோம். கல்வெட்டுல போன வருஷம் மார்ச்னு தேதி போட்டு, அதோட ஒரு மூலையைச் சுத்தியலால தட்டி உடைச்சேன். பழைய போஸ்டர் ரெண்டைக் கொண்டு வந்து ஒட்டினோம். ஆரோக்கியதாஸ் தலையில அடிச்சுக்கிட்டாரு. ‘இத்தனை வருஷ சர்வீஸ்ல பாலத்தைப் பாழாக்குறதுக்கு எஸ்டிமேட் போட்டது இதான் சார் முதல் தடவை’ன்னாரு. அந்த மனுஷனுக்கு என் கஷ்டம் எங்க தெரியும்?

நாலாம் தேதி வந்தாங்க. அமைச்சர், குழுத் தலைவர், பதினோரு உறுப்பினருங்க, மாலை, மேளம். குழுத் தலைவர் ஆளுங்கட்சிதான், ஆனா பழம் தின்னு கொட்டை போட்ட ஆளு. பாலத்து மேல ஏறினாரு. திண்டை விரலால ஒரு தேய் தேய்ச்சாரு. பச்சையா ஒட்டுச்சு. மோந்து பாத்தாரு. என்னைப் பாத்தாரு. எனக்கு உயிரே இல்ல தம்பி. அப்புறம், அங்க நின்னுக்கிட்டிருந்த ஒரு பெரியவரைக் கேட்டாரு, ‘ஏம்ப்பா, எவ்வளவு நாளா இந்தப் பாலத்துல நடக்குறீங்க?’

அந்த ஆளு கண்ணைக் கூட இமைக்கல. ‘ஒரு வருசமா நடக்குறோம் சாமி.’ பக்கத்துல ஒரு பொம்பளை, ‘போன பங்குனியில கட்டினாங்க, எம் பேத்திக்குக் காது குத்தின மாசம்’ங்கிறா. பள்ளிக்கூடப் பிள்ளைங்க கூட அதையேதான் சொல்லுது. ஊரே சேந்து பொய் சொல்லுச்சு தம்பி! நான் ஒரு வார்த்தை சொல்லிக் குடுக்கல, சத்தியமா. எப்பேர்ப்பட்ட ஊரு பாருங்க. அரசாங்கத்தோட குழு முன்னாடி, கொஞ்சம் கூடக் கூச்சமில்லாம!

கடைசியா தலைவர் அந்தம்மாகிட்டத் திரும்பினாரு. ‘உறுப்பினர் அம்மா, கேள்வி உங்களோடது. நீங்க சொல்லுங்க. அரசு அவையில சொன்னது உண்மையா?’ ஒரு வார்த்தை போதும் அந்தம்மாவுக்கு. அமைச்சர், செயலாளர், நான், எல்லாரும் காலி. அந்தம்மா பாலத்தைப் பாத்துச்சு. அதுல ரெண்டு பொம்பளைங்க விறகுக்கட்டோட எங்களைத் தாண்டிப் போய்க்கிட்டிருந்தாங்க. அப்புறம் என்னைப் பாத்துச்சு. ‘உண்மைதான் ஐயா. கல்வெட்டுல தேதி போட்டிருக்கே’ன்னு சொல்லி, அறிக்கையில கையெழுத்துப் போட்டுச்சு.

பயந்துட்டாங்கன்னுதான் முதல்ல நினைச்சேன். அதுக்கப்புறம் டீ குடிக்கிற இடத்துல எங்கிட்ட வந்துச்சு. சிரிச்ச முகமாத்தான் பேசுச்சு. ‘சார், நீங்கதான் பதில் எழுதுறவராமே. இந்த ஊருக்கு மேல புளியாங்கொல்லைன்னு ஒரு குடியிருப்பு இருக்கு, பத்தொம்பது வீடு. நடுவுல பெரிய ஓடை. மழைக்கு அஞ்சு நாள், ஆறு நாள் கீழ எறங்க முடியாது. அடுத்த கூட்டத்துக்குக் கேள்வி குடுக்குறேன். அதுக்கும் ஆம்னு எழுதிடுங்க சார்.’ பக்கத்துல நின்ன ஆரோக்கியதாஸ் சிரிக்கிறாரு. டிரைவர் சிரிக்கிறான். என்னோட டவாலி, எனக்கு ஃபைல் தூக்குற பியூன், அவன் கூட வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிக்கிறான்!

பேனல் வந்துச்சு. துணைச் செயலாளர் ஆனேன். தனி ரூம், தனி காரு, வெளியில போர்டு. ஆனா அந்த நாற்காலியில உக்காரும்போதெல்லாம் எனக்கு அது ஞாபகம் வரும். இது நான் சம்பாதிச்சதா, இல்ல அவ போட்ட பிச்சையா? கடைசி வரிசையில தூணுக்குப் பின்னாடி உக்காந்திருக்கிற ஒரு பொம்பளை, ஒரு கையெழுத்துல என்னைத் தூக்கி நிறுத்திட்டா. கவிழ்த்திருந்தா கூட எனக்கு ஆறியிருக்கும் தம்பி. சண்டைன்னா சண்டைன்னு இருந்திருப்பேன்.

ஜூன்ல கேள்வி வந்துச்சு. சொன்ன மாதிரியே குடுத்திருக்கா. ‘(அ) புளியாங்கொல்லை பெரிய ஓடையில் பாலம் கட்டப்பட்டுள்ளதா? (ஆ) இல்லையெனில், அதற்கான கருத்துரு அரசின் பரிசீலனையில் உள்ளதா?’

அந்த ஆரோக்கியதாஸ் அதுக்குள்ள ஒரு கருத்துரு, அதான் திட்ட யோசனை, அனுப்பி வச்சிருந்தாரு. முதல் பாலத்துக்குக் கொண்டு வந்த கர்டர்ல நாலு மீதி அங்கேயே கிடக்குது, ஆளும் இருக்கு, அனுமதின்னு ஒரு வரி எழுதினா போதும், மழைக்கு முன்னாடி போட்டுடலாம்னு எழுதியிருந்தாரு. ரெஜினா ஃபைலை ஒப்பந்தம் வரைக்கும் தயார் பண்ணி, நான் கையெழுத்துப் போட வேண்டிய இடத்துல பென்சில்ல புள்ளி வச்சு நீட்டுச்சு. ஆக, எல்லாரும் சேந்து முடிவு பண்ணிட்டாங்க. அவ கேப்பா, நான் ஆம்னு எழுதணும். அவளுக்கு நான் வேலைக்காரனா? ஒரு எம்.எல்.ஏ. சொல்லி அரசாங்கம் கட்டுறதுன்னு ஆரம்பிச்சா, நாளைக்கு எரநூத்துச் சொச்சம் பேரும் வந்து நிப்பாங்க. நாங்க எதுக்கு இருக்கோம்?

நான் என்ன செஞ்சேன் தெரியுமா? முறைப்படி செஞ்சேன். முதல்ல, மீதி கர்டரைப் பண்டகசாலைக்குத் திருப்பி அனுப்பச் சொல்லி உத்தரவு போட்டேன். அடுத்து, கருத்துருவுல மண் பரிசோதனை அறிக்கை இல்லைன்னு குறிப்பு எழுதித் திருப்பி அனுப்பினேன். அது போய்ச் சேந்துச்சுன்னு ஒப்புகை வந்தப்புறம்தான் பதில் எழுதினேன். ‘(அ) இல்லை. (ஆ) இல்லை.’ அத்தனையும் சத்தியம். அன்னைய தேதிக்குப் பாலமும் இல்ல, கருத்துருவும் எங்ககிட்ட இல்ல. எந்தக் குழு வந்து வேணா பாத்துக்கட்டும். ரெஜினா அந்தப் பதிலை டைப் அடிச்சுட்டு, வேற செக்‌ஷனுக்கு மாத்தல் கேட்டு எழுதிக் குடுத்துட்டுப் போயிடுச்சு. போகட்டும்.

சபையில அமைச்சர் படிச்சாரு. அவ எந்திரிச்சா. கையில இருந்த பேப்பரை மடிச்சு மஞ்சப்பையில வச்சுட்டு உக்காந்துட்டா. நான் மாடத்துல கையைக் கட்டிக்கிட்டு நல்லா சாஞ்சு உக்காந்திருந்தேன். அவளுக்குத் துணைக் கேள்வி வரல தம்பி. எனக்கு அன்னைக்குத்தான் சோறு இறங்குச்சு.

ஐப்பசியில மழை பிச்சுக்கிட்டுப் பேஞ்சுது, உங்களுக்கு ஞாபகம் இருக்கும். புளியாங்கொல்லையில ஒரு பொண்ணுக்கு வலி எடுத்திருக்கு. தலைச்சன். சேலையை மூங்கில்ல கட்டித் தூக்கிட்டு ஓடை வரைக்கும் வந்திருக்காங்க. ஓடை போகுது இடுப்புக்கு மேல. காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் கரையிலேயே வச்சுக்கிட்டு நின்னிருக்காங்க. இந்தக் கரையில ஆம்புலன்ஸ் நிக்குதாம், ஆரோக்கியதாஸ் பாலத்து மேல ஏறி வந்தது. முதல் பாலத்துல. தாயும் போச்சு, பிள்ளையும் போச்சு. பேப்பர்ல சின்னதாத்தான் வந்துச்சு.

பாவம்தான். நான் இல்லைன்னு சொல்லலையே. ஆனா மழையை நானா பேய வச்சேன்? அந்த ஊர்ல நானா அவங்களைக் குடியிருக்கச் சொன்னேன்? நான் எழுதின பதில்ல ஒரு எழுத்து தப்புன்னு இன்னைய வரைக்கும் ஒருத்தன் சொல்லல.

மறுநாள் மத்தியானம் பச்சையம்மாள் என் ரூமுக்கு வந்தா. சொல்லி அனுப்பல, நேரா வந்து நின்னா. சேலையெல்லாம் முழங்கால் வரைக்கும் சேறு. அந்தப் பொண்ணு அவளுக்கு ஏதோ அக்கா மக வழியில உறவாம், அடக்கம் பண்ணிட்டு அப்படியே பஸ் ஏறி வந்திருக்கா. நான் மரியாதைக்கு எந்திரிச்சேன், உக்காருங்கம்மான்னேன். உக்காரல. அழுவா, சாபம் குடுப்பா, நாற்காலியைத் தூக்கிப் போடுவான்னு டவாலியைக் கண்ணாலயே உள்ள கூப்பிட்டு வச்சுக்கிட்டேன்.

‘சார், ஆம்னு எழுத எவ்வளவு நேரம் ஆகும்?’னு கேட்டா. சாதாரணமாத்தான் கேட்டா, விலை கேக்குற மாதிரி.

எனக்கும் வருத்தம் இருந்துச்சு தம்பி, நானும் மனுஷன்தான். பொறுமையா சொன்னேன். ‘அம்மா, நான் என்ன பண்றது? சபைக்கு உண்மையைத்தான் எழுத முடியும்.’

அவ சிரிச்சுட்டா தம்பி.

சும்மா புன்னகைன்னு நினைக்காதீங்க. வாய் விட்டுச் சிரிச்சா. கதவைப் புடிச்சுக்கிட்டு, கண்ணுல தண்ணி வர வரைக்கும் சிரிச்சா. வெளிய வராண்டாவுல கிளார்க்குங்க எல்லாம் எழுந்து நின்னு பாக்குறாங்க. சிரிச்சுக்கிட்டே படி இறங்கிப் போனா, நாலு மாடியும் கேக்குது. நேத்துத்தான் ரெண்டு உசுரைப் பொதைச்சுட்டு வந்தவ! என்ன மனசு இருந்தா ஒருத்தி அன்னைக்குச் சிரிப்பா? அதுதான் தம்பி எனக்கு இன்னைக்கு வரைக்கும் ஆறல. எத்தனையோ பேருகிட்டக் கேட்டுட்டேன், ஒருத்தரும் சரியா சொல்ல மாட்டேங்குறாங்க. நீங்க படிச்சவரு மாதிரி இருக்கீங்க. நீங்க சொல்லுங்க. அதுல சிரிக்க என்ன இருக்கு?

எங்க தம்பி எந்திரிக்கிறீங்க? உங்க ஸ்டாப் இன்னும் வரலையே.